தெருவில் ஒரு தெ, தெய்வத்தில் ஒரு தெ

ஐம்பத்தாறு வயசில் ஒருவர் ஜப்பானிய பாஷை படிக்க உட்காருகிறார் என்றால் சும்மாவா? நம்ம ஒயர்மேன் உட்கார்ந்தார். மகள் கட்டிக்கொள்ளப்போவது ஜப்பான்காரப் பையனை. சம்பந்திக்கு ஜப்பானியத்தை விட்டால் வேறு பாஷை கிடையாது. மகளே நடுவில் இருந்து எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொல்லிவிடுவாள்தான். ஆனால் "என் பொண்ணை நல்லா பாத்துக்கங்க" என்பதை அந்தப் பொண்ணு வாயாலேயே சொல்லவைக்க எந்த அப்பனுக்கு மனசு வரும்? அந்த ஒரு வரியை மட்டும் அவரே சொல்லியாக வேண்டும்.

அதனால் மகளுக்குத் தெரியாமல் போனில் பாடம் கேட்டார். ஏணிமேல் நின்று ஃபேன் மாட்டும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கேட்டதையெல்லாம் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிவைத்தார்.

"ஏங்க, ஸ்கூல்ல இப்படிப் படிச்சிருந்தா பெரிய ஆபீசரே ஆகியிருக்கலாமே" என்றாள் மனைவி.

வினையே அந்த நோட்டில்தான் இருந்தது. ஜப்பானியத்தில் கரண்ட்டுக்கும் தென்கி, வானிலைக்கும் தென்கி. தெய்வத்தில் வரும் தெ போட்டால் கரண்ட்டு, தெருவில் வரும் தெ போட்டால் வானிலை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதானே! பாவம், மனுஷன் தெருவைப் பிடித்துக்கொண்டார்.

வீடியோ கால் வந்தது. மகள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரையில் சம்பந்தி குனிந்து வணங்கினார். இவரும் குனிந்தார், மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது.

"வத்தாஷி வா தென்கியா தெஸ்." நான் கரண்ட்டு வேலைக்காரன் என்று சொன்னதாக நினைப்பு.

சம்பந்தி ரொம்ப மரியாதையாக ஏதோ கேட்டார்.

"நாளைக்கு மழை வருமான்னு கேக்குறார்ப்பா" என்றாள் மகள்.

"வந்தா என்னம்மா, மெயினை ஆஃப் பண்ணிடலாம்னு சொல்லு."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். விஷயத்தை அவள் விளக்க, சம்பந்தியும் சேர்ந்துகொண்டார். ஒயர்மேனுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இனிமேல் வாயைத் திறப்பதா? ஆனால் இப்போது விட்டால் அப்புறம் ஏது தைரியம்? கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு வரியை ஒரே மூச்சில் சொன்னார்: "முசுமே ஓ யோரோஷிகு ஒநெகாய் ஷிமாஸ்."

மகளின் சிரிப்பு சட்டென்று நின்றது. சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாக நாலைந்து வரி பேசினார். முடித்ததும் முன்பைவிட ஆழமாகக் குனிந்து வணங்கினார்.

"என்னம்மா, தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லப்பா. சரியாத்தான் சொன்னீங்க."

"அவர் என்ன சொன்னார்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது என்னைப் பத்திப்பா. என் வாயால எப்படிச் சொல்றது? இன்னும் ரெண்டு மாசம் படிங்க, உங்களுக்கே புரியும்."