ஜெலுத்தோங் வீட்டு வாசலில் மேரி அக்கா

மேரி அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய தம்பி தாசேக் கெலுகோரிலிருந்து அழைத்துச் சொன்னபோது, அலுவலகத்தில் என் எதிரே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். பிறை ஊரில் தொழிற்சாலை வேலை. இந்திய வம்சாவளியினர் என்பதால் யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை என்று புகார் சொல்ல வந்தவர்கள். நான் படிக்கட்டுக்குப் போய் அழுதுவிட்டுத் திரும்பினேன். அவர்கள் அப்படியே காத்திருந்தார்கள்.

எங்கள் மனித உரிமை ஆணையத்துக்கு வந்துபோன உங்களில் பலருக்கு, அங்கே அதிகாரியாக இருந்த அக்காவின் வழக்கம் தெரியும். வீட்டுப் புகார் வந்தால் முதலில் தொலைபேசியைத்தான் எடுப்பார். சந்தையில் பழகிய ஹொக்கியன் சீனத்தில், பெயர் சொல்லாமல், வீடு காலியா என்று கேட்பார். சீனப் பெண்மணி என்று நம்பி உடனே வரச் சொல்வார்கள். புகார்தாரரையும் கூட்டிக்கொண்டு அக்கா போய் நிற்பார். இந்திய முகங்களைப் பார்த்ததும், சற்று முன்புவரை காலியாக இருந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதாகச் சொல்வார்கள். வெட்கப்பட்டுச் சாவியைக் கொடுத்தவர்களும் உண்டு, ஆனால் குறைவு.

ஜுருவில் ஒரு தமிழர், வங்காளதேசத் தொழிலாளிகளுக்கு வீடு தர மறுத்தார். நம்மவர்தானே, பார்த்துப் பேசலாம் என்றேன். அக்கா என்னை முறைத்துவிட்டு அவரிடம், "நமக்கு வலிச்சா மட்டும்தான் வலியா அண்ணே?" என்று கேட்டார். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆணையத்தால் பரிந்துரைக்கத்தான் முடியும். எங்கள் பரிந்துரைகள் பெரும்பாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். புகார் கொடுத்தால் வீடு கிடைக்குமா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அக்கா பொய் சொல்ல மாட்டார். "கெடைக்காதுலா. ஆனா நடக்கவே இல்லன்னு நாளைக்கு எவனும் சொல்ல முடியாது."

ஓய்வு பெற்றபின் அவருக்குச் சிறுநீரகம் பழுதானது. அதே சமயம், குடியிருந்த வாடகை வீட்டையும் உரிமையாளர் விற்றுவிட்டார். இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வர மருத்துவமனைக்குப் பக்கத்தில் வீடு வேண்டும். ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டுக்கு அதே ஹொக்கியனில் அழைத்தார், உடனே வரச் சொன்னார்கள். நான்தான் காரில் கொண்டுபோனேன். வீட்டுக்கார அம்மாள் கம்பிக் கதவைத் திறக்காமலே, அண்ணன் மகன் குடிவரப் போகிறான் என்றார். அக்கா நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார்.

இன்றைக்கே புகார் எழுதுவோம் என்று காரில் குதித்தேன். அவர் இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொண்டார். பிறகு, "எழுதி என்ன ஆகப்போவுது தம்பி? நா இப்படிச் சொன்னேன்னு மட்டும் வர்றவங்ககிட்ட சொல்லிறாதீங்க" என்றார்.

வேறு வீடு கிடைக்காமல், தாசேக் கெலுகோரில் தன் தம்பி வீட்டிலிருந்து கடல் பாலம் கடந்து சிகிச்சைக்கு வந்துபோனார். முடியாத நாட்களில் வராமலே விட்டார். அந்த நாட்கள் கூடிக்கொண்டே போயின. ஜெலுத்தோங் வீட்டுக்கு அண்ணன் மகன் யாரும் வரவில்லை. வாடகைக்கு என்ற பலகை இன்னும் அந்த வாசலில் தொங்குகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அக்கா இறந்த செய்தி வந்த அன்று அந்தத் தம்பதியும் வீடு கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள். அக்காவின் பழைய பதிலைச் சொன்னேன். நம்பி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை நான் நம்பிச் சொன்னேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அக்காவின் புகார் மட்டும் எங்கள் அலுவலகத்தில் இல்லை. அது எழுதப்படாமல் என்னிடம்தான் இருக்கிறது. சொல்ல வேண்டாம் என்றார், உங்களிடம் சொல்லிவிட்டேன். அது நடந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.