பையின் அடியில் கிடந்த கையுறை

என் பையில் ஒரு சோடி கையுறை இருந்தது. நனையாதது, உள்ளே கம்பளி வைத்துத் தைத்தது. மலையில் கை விறைத்துப்போய் என் மச்சாள் யசோ அதைக் கேட்டபோது, இல்லை என்று சொன்னேன். இன்று அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை.

மறதியில் சொல்லவில்லை. பதற்றத்திலும் சொல்லவில்லை. பையின் அடியில், பிளாஸ்டிக் உறையில், மாற்றுக் காலுறைகளுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே சொன்னேன்...

யசோ என் கணவரின் தங்கை. சின்ன வயதிலேயே சுவிஸிலுள்ள ஓல்டனுக்கு வந்து இங்கேயே படித்து வளர்ந்தவள். இந்த ஊர் ஜெர்மன் அவள் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும். நானோ கல்யாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். வயோதிபர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே பாஷை படித்தேன். கடையிலும் அரசாங்கக் கந்தோரிலும் நான் வாய் திறந்தால், என் வசனம் முடியுமுன் அவள் சிரித்தபடி அதைத் திருத்திவிடுவாள். அது எனக்கு எப்படியிருக்கும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

பார்த்தீர்களா? அவளை நீங்கள் கொஞ்சம் வெறுக்கவேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இப்போதும்!

அவளைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். குளிர்கால மலை. என்னோடு வேலை செய்த ஒரு சுவிஸ்காரி லீவு நாட்களில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கினாள். உடம்பை ஒட்டிப் பருத்தி உடுக்கக்கூடாது, வியர்வையில் ஊறி அதுவே குளிராகும். மெல்லிய உடுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடவேண்டும். நெற்றியில் கட்டும் விளக்கு, விசில், உடலைச் சுற்றும் தங்கநிறத் தாள், இன்னொரு சோடி கையுறை... எல்லாம் பையில் அதனதன் இடத்தில் இருக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலும் கேட்ட பொருள் என் கையில் வரும். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

நாங்கள் மூவரும் மலைக்குப் புறப்பட்ட அன்று காலை, குசினித் தரையில் எல்லாவற்றையும் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். யசோ ஜீன்ஸும் நூல் கையுறையுமாக வந்து நின்றாள். மாற்றுக் கையுறை எடுத்தாயா என்று கேட்டேன்.

"அண்ணி, நாங்கள் என்ன இமயமலைக்கோ போறம்?" என்றாள்.

என் கணவரும் சிரித்தார். இவர் கையிலும் அதே நூல் கையுறைதான். ரயிலில் எங்களுக்கு எதிரே, பக்கத்து ஊர்த் திரிம்பாக் கோயிலில் பழக்கமான குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களுக்கும் அவள் என் பையைக் காட்டி, எங்கள் அண்ணி ஆர்மிக்குப் போகவேண்டிய ஆள் என்று கதை சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பெர்ன் பக்கத்து மலை அது. பனியில் கால் புதையாமலிருக்கச் சப்பாத்தின் கீழே அகன்ற தட்டுகளைக் கட்டிக்கொண்டு, ஊன்றுகோல்களோடு ஏறினோம். முதலில் நல்ல வெயில். மேலே போகும்போது ஒரு சரிவில் யசோ சறுக்கி, பனி மூடிய சிற்றோடைக்குள் இரண்டு கைகளையும் ஊன்றி விழுந்தாள். கையுறை ஊறிப்போயிற்று. அவளைத் தூக்கிவிட்டதில் இவருடையதும் நனைந்தது. நனைந்ததைக் கழற்றிவிட்டு இவர் கைகளைப் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டார். அவளுக்கோ ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தெரியாது; நனைந்த கையுறையோடேயே அதைப் பிடித்து நடந்தாள்.

அப்போதுதான் கேட்டாள். சிரிக்கவில்லை.

"அண்ணி, இன்னொரு சோடி கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லை. உன்னைக் கொண்டு வரச் சொன்னனான்தானே."

அவ்வளவுதான். கொஞ்சம் குளிரட்டும், அப்போதுதான் விளங்கும் என்று நினைத்தேன். அடுத்த வளைவில் கொடுக்கத்தான் இருந்தேன். இப்படித்தான் எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன்... உண்மையில் கொடுத்திருப்பேனா? எனக்குத் தெரியாது. அவள் முன்னால், ஒரு கை மாற்றி மறு கையை வாயால் ஊதி ஊதிப் போவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் காட்சி எனக்கு இனித்தது. ஓம், இனித்தது. இதைவிட அசிங்கமான ஒரு சொல் என்னிடம் இல்லை.

பிறகு புகார் இறங்கி மலையை வெள்ளையாய் மூடியது. காற்றும் வந்தது. பாதையைக் காட்டும் கம்புகள் மறைந்தன. சுற்றிச் சுற்றி நடந்தோம். யசோ பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அப்போது எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பையைத் துழாவுவதுபோல் துழாவி, "அட, அடியில் கிடந்தது" என்று சொல்லியிருக்கலாமே? அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. என் பையில் எது எங்கே என்று எனக்குத் தெரியாமல் இருக்காது என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். உறையை வெளியே எடுத்த கணத்திலேயே நான் யார் என்று கண்டுகொள்வார்கள். ஒரு பக்கம் அவளுடைய விரல்கள், மறுபக்கம் என் முகம். நான் முகத்தைத்தான் காப்பாற்றினேன்.

ஒரு பாறை மறைவில் அவளை இருத்தி, நூல் கையுறையைக் கழற்றினேன். விரல் நுனிகள் மெழுகுதிரி மாதிரி வெளுத்திருந்தன. தொட்டேன். "தொடுறது தெரியேல்லை அண்ணி" என்றாள். இவர் கைபேசிக்குச் சமிக்ஞை தேடிக் கீழே இறங்கினார். நான் தங்கநிறத் தாளை அவளுக்குச் சுற்றினேன். சூடான தேநீர் பருக்கினேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? என் கையில் கிடந்த கையுறையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன். பைக்குள் இருந்ததை எடுக்கவில்லை! என் சட்டையைத் திறந்து, அவள் கைகளை என் அக்குளுக்குள் வைத்து அணைத்துக்கொண்டேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

மீட்புக்காரர்கள் வந்து சேரும்வரை அப்படியே இருந்தோம். அந்த நேரம் முழுவதும், நான் மறுபடி மாட்டிக்கொண்ட பை என் முதுகில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைப் பாராட்டினார். சரியாகச் செய்திருக்கிறீர்கள், தேய்க்காமல் விட்டது நல்லது என்றார். யசோவின் விரல்கள் முதலில் வீங்கி, பிறகு கறுத்து, காய்ந்த மிளகாய்போலச் சுருங்கின. மாதக்கணக்கில் பார்த்திருந்துவிட்டுத்தான் நுனிகளை வெட்டினார்கள். சனி ஞாயிறுகளில் அவள் மணப்பெண் அலங்காரத்துக்குப் போவாள். கொண்டை போடுவதிலும் சேலை மடிப்பு வைப்பதிலும் அவளைத் தேடித்தான் வருவார்கள். இப்போது ஊசி அவள் விரலில் நிற்பதில்லை. அதை விட்டுவிட்டாள்.

மலையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, இவர் பார்க்குமுன் அந்தக் கையுறையை எடுத்துக்கொண்டு போய், தெருமுனையில் பழைய உடுப்புகளைத் தானமாகப் போடும் பெட்டிக்குள் தள்ளினேன். போடுவதற்கு முன் யாராவது பார்க்கிறார்களா என்று இருபக்கமும் பார்த்தேன். பிறகு வேலைக்குப் போனேன்.

அவளிடம் சொல்ல நினைத்ததுண்டு. ஒருமுறை வாய்வரை வந்தது. அன்று அவள் எனக்காக ஒரு கடிதத்தின் ஜெர்மனை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள், முன்போலச் சிரிக்காமல், மெதுவாக, மரியாதையாக. மலைக்குப் பிறகு அவள் என்னைத் திருத்துவதில்லை. அந்த மரியாதையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய விரல்களால் வாங்கிய மரியாதை... ச்சீ!

உங்களிடம் சொல்வதைத் துணிவு என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் அவளுக்குச் சொல்லப்போவதில்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் பெண்களின் கூட்டம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு பனிச்சறுக்கு முகாமுக்குப் போகும் காலம் வருகிறது, பை அடுக்குவதை அண்ணி வந்து காட்டவேண்டும் என்று கேட்டவள் யசோதான். மேசையில் எல்லாவற்றையும் பரப்பி ஒவ்வொன்றாகச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். ஓர் இளம் தாய் எழுந்து, கையுறை ஒரு சோடி போதாதோ என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லுமுன் யசோ எழுந்தாள். தன் வலது கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினாள்.

"ஒரு சோடியோட போனால் இப்பிடித்தான். அண்டைக்கு அண்ணியிட்டையும் வேற சோடி இல்லை. தன்ர கையில கிடந்ததைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டவ. இவ இல்லாட்டி எனக்குக் கையே இல்லை."

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து, அடக்கமாக, சிரித்தேன்.

ஃப்ரிபூர்க் நகரத்துத் தமிழ்ப் பெண்களும் இதே பேச்சைக் கேட்கவேண்டுமாம். யசோவும் கூட வருகிறாள். வருகிறேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.