லாக் எடுத்த போன்

எங்கள் ஊர் சிங்கப்பெருமாள் கோயிலில் சதாசிவம் ஓட்டும் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ். பத்தொன்பது வருஷமாக மத்தியானம் ஒன்று பத்துக்கு என் கடை எதிரிலிருந்து கிளம்புகிறது. தன்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே வாழ்ந்த மனுஷன் அவர்.

அவருடைய ஒரே மகள் கீர்த்தனா, பதினேழு வயது. போன ஆடியில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவள் வீடு திரும்பவில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் கேமராவில், யூனிஃபார்மோடு மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறுவது தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. அவள் போன் மட்டும் வீட்டில், துணி அடுக்குக்கு அடியில், அணைத்தபடி கிடந்தது. கடைசி இரண்டு வாரமாக அவள் அதைத் தொடவே இல்லை என்றாள் அம்மா பிரபாவதி.

ஊரில் ஆளாளுக்குத் துப்பறிய ஆரம்பித்துவிட்டார்கள். டவரை வைத்துப் பிடித்துவிடுவார்கள் என்று விட்டுப் போயிருக்கிறாள் என்றார் டீக்கடைக்காரர். எவனோ வேறு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான் என்றார் இன்னொருவர். சாகப் போகிறவளுக்குப் போன் எதற்கு என்றாள் ஒருத்தி, அதுவும் பிரபாவதியின் காதில் விழும்படி.

நான் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். மூன்றாம் நாள் சதாசிவம் அந்தப் போனை என்னிடம் கொண்டுவந்தார். போலீஸ் கேட்டபோது, இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தாராம். லாக்கை எடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அப்படியே போலீஸில் கொடுத்தால் அவர்கள் திறந்து பார்ப்பார்கள் என்று தெளிவாகத்தான் சொன்னேன்.

அவர் ரோட்டைப் பார்த்தார். "போனா போவட்டும். பொம்பளப் புள்ள போனு. உள்ள இன்னா கீதோ, இன்னா எய்தி வச்சிக்கீறாளோ. டேசன்ல நாலு பேரு பாத்து சிரிக்கணுமா?"

எனக்கும் இரண்டு பெண்கள். அந்த நிமிஷம் அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. பத்து நிமிஷ வேலை, முடித்துக் கொடுத்துவிட்டேன். இப்போதுதான் புரிகிறது. பதினேழு வயசுப் பெண் இரண்டு வாரம் போனைத் தொடவில்லை என்றால், அதில் வந்த எதற்கோ பயந்திருக்கிறாள். யார், என்ன என்பது அதற்குள்தான் இருந்திருக்கும். இரண்டு மடையர்களுக்கும் அன்றைக்கு அது உறைக்கவில்லை.

போலீஸ் எடுத்த கால் லிஸ்ட்டில் அம்மாவும் வகுப்புத் தோழியும்தான் இருந்தார்கள்; நெட் வழியாக வந்த மெசேஜ் எதுவும் அதில் வராது. அப்புறம் சதாசிவம் கொண்டுபோய்க் கொடுத்த காலியான போனைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் சதாசிவம், கடைக்காரன் தெரியாமல் அழித்துவிட்டான் என்று சொல்லியிருந்தார். பிரபாவதி கடை வாசலில் வந்து நின்று, "எம்பொண்ணு வாய அடச்சிட்டியேடா, பாவி," என்று அழுதாள். அவர் அவள் பின்னால் நின்று, தொங்குகிற போன் கவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதிலிருந்து லீவு நாளெல்லாம் அவர் மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் வரை, போட்டோவைக் காட்டிக்கொண்டு கரையோரமாக நடக்கிறார். பிரபாவதி அந்தப் போனைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள்.

போன மாசம் அதில் ஒரு கால் வந்தது. எடுத்த சதாசிவத்தின் குரலைக் கேட்டதும் எதிர்முனையில் ஒரு ஆண் இருமிவிட்டு வைத்துவிட்டானாம். திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். போலீஸ் விசாரித்ததில், வடக்கே எங்கோ செத்துப்போன ஒருவர் பெயரில் வாங்கிய சிம்.

நேற்று மத்தியானம் சதாசிவம் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். "நான்தான் அழிக்க சொன்னேன்னு பிரபா கிட்ட சொல்ட்டேன். அவ போன எங்கையில குட்துட்டு போய் படுத்துக்கினா."

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தக் கால் வந்த நம்பர், பெயர் இல்லாமல் வெறும் பத்து எண்கள்.

"எம்பொண்ணு இதுக்கு ஒரு பேரு போட்டு வச்சிருப்பா இல்ல?" என்று கேட்டார்.

"வச்சிருப்பாண்ணா," என்றேன்.

எதிரே பஸ்ஸில் ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஹாரனை அடித்தார்கள். அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று பஸ் கிளம்பும்போது மணி இரண்டு.