நாய்க்கு ரியூசன் பார்த்த கதை

இணுவிலில் எங்கள் வீட்டுக் கேற்றில் 'கடிநாய் கவனம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதை எழுதுவித்தபோது நாய் குட்டி. வளர்ந்து பலகைக்கு ஏற்றமாதிரி வரும் என்று நம்பினேன். நாய் வளர்ந்தது. ஆட்டுக்குப் பயம், உழவு இயந்திரத்துக்குப் பயம், யாரும் குடை விரித்தாலும் பயம். கேற்றைத் தாண்டிக் கால் வைக்காது. ஆகவே வெளியில் போய்ச் செய்ய வேண்டிய காரியங்களை மனைவியின் ரோசாச் செடிகளுக்கு நடுவில் செய்துவந்தது.

"கோயில் திருவிழாவுக்குக் கொடியேற முந்தி ஒண்டில் உது றோட்டிலை நடக்க வேணும், இல்லாட்டி கரவெட்டிக்கு அனுப்ப வேணும். அண்ணையின்ரை தோட்டத்திலை நிக்கட்டும்" என்றாள் மனைவி.

அண்ணையின் தோட்டத்தில் ஏற்கெனவே மூன்று நாய்கள். அவற்றின் பக்கத்தில் எங்கள் நாய் ஒரு பொழுது தாங்காது. தவிர, இந்த வீட்டில் நான் கதைப்பதை இடைமறிக்காமல் கேட்கும் ஒரே ஜீவன் அது.

நாயைப் பழக்கவும் நடத்திக்கொண்டு போகவும் இப்போது இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நாயின் குணத்துக்கு ஏற்ற ஆளைத் தெரிவு செய்ய வேண்டும் என்று படித்திருந்தேன். படித்ததோடு சரி. மகளுக்கு ரியூசன் பார்த்தமாதிரியே நாய்க்கும் பார்த்தேன்: யாரிடம் கூட்டம் அதிகம், யார் கண்டிப்பு, எந்த நாய் அங்கே போய் என்ன பெறுபேறு எடுத்தது. எதிர்வீட்டு டோபமன் போன இடத்தையே முடிவுசெய்தேன். அந்த டோபமன், சொன்னால் ஒழியச் சாப்பாட்டைத் திரும்பியும் பாராது. இதைச் சொல்லும்போது எதிர்வீட்டுக்காரரின் முகத்தில் தானே சோதனையில் சித்தியடைந்த பெருமை தெரியும்.

நாய் பழக்கும் மாஸ்ரரின் கழுத்தில் விசில். மைதானத்தில் வரிசையாக நாய்கள்.

"ஆள் எப்பிடி? பயந்த சுபாவமோ?" என்றார்.

"சே, கொஞ்சம் கடுமையான ஆள் மாஸ்ரர். வீட்டிலை எல்லாம் செய்வார். வெளியிலைதான் காட்டுறார் இல்லை."

பெற்றோர் எல்லோரும் சொல்வதுதான். அவர் நம்பி, எங்கள் நாயை இரண்டு அல்சேஷன்களுக்கு நடுவில் நிறுத்தி விசில் ஊதினார். மற்ற நாய்கள் உடனே குந்தின. எங்களுடையது என் சாரத்துக்குள் புகப் பார்த்தது. அடுத்தடுத்த வகுப்புகளிலும் சாரத்தைத்தான் தேடியது. கடைசியில் மாஸ்ரர் சொன்னார்: "பெயில் ஐயா. கூட்டிக்கொண்டு போங்கோ."

ஓட்டோவில் திரும்பும்போது நாய் என் மடியில் நித்திரை. எனக்குக் கரவெட்டித் தோட்டம் கண்ணுக்குள் நின்றது.

மனைவி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"மாஸ்ரர் பெயில் எண்டிட்டார்."

"ஆரை? எங்கடையையோ?" வாளியைக் கீழே வைத்தாள். "எங்கடை குடும்பத்திலை ஒருத்தரும் பெயில் விட்டதில்லை." என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "என்ரை பக்கத்திலை" என்று திருத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "முன்வீட்டுக்குத் தெரியுமோ?" என்றாள்.

"அவையின்ரை டோபமனும் அங்கைதான் நிண்டது."

"இனி உதைக் கரவெட்டிக்கு அனுப்பினால், பெயில் விட்டுத்தான் அனுப்பினது எண்டெல்லோ கதைப்பினம்."

அன்றைக்கே நாலு இடத்தில் விசாரித்து, ஒரு நேரத்தில் ஒரு நாயை மட்டும் பழக்கும் உடுவில் பெண்ணொருத்தியை மனைவியே பிடித்துவிட்டாள். வந்தவள் முதலில், "எதுக்கெல்லாம் பயம்?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் கடுமையான..." என்று தொடங்கினேன்.

"சும்மா இருங்கோப்பா. எல்லாத்துக்கும் பயம் பிள்ளை. ஆட்டைக் கண்டாலும் கட்டிலுக்குக் கீழை."

அந்தப் பெண் கேற்றைத் திறந்துவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்து கைபேசி பார்த்தாள். நாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. மறுநாளும் அதுதான். "உவ ஒண்டும் படிப்பிக்கிறா இல்லை, நோட்ஸும் குடுக்கிறா இல்லை" என்று முறையிட்டேன். மனைவி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் நாய் எழும்பி, அவளை மோந்து பார்த்து, அவளுக்குப் பின்னால் மின்கம்பம் வரை போய், அங்கே காலைத் தூக்கியது. எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி மனைவி அதைப் பாராட்டினாள்.

மின்கம்பத்துக்கு அப்பால் அது இன்னும் போகவில்லை. அதற்குள் கொடியேற்றம் நெருங்கிவிட்டது. கரவெட்டியிலிருந்து அண்ணை தொலைபேசியில் வந்தார். நாளைக்கு இந்தப் பக்கம் வாகனம் வருகிறதாம், நாயை ஏற்றலாமாம். நான் பேப்பரைத் தாழ்த்தாமல் காதைக் கொடுத்தேன்.

"இல்லை அண்ணை, இப்ப அனுப்பேலாது" என்றாள் மனைவி. "அவனுக்குக் கிளாஸ் இருக்கு."