மீரானின் காதுக்கு ஒரு ஃபஸ் பெடல்

போன சனிக்கிழமை சாயங்காலம் எர்ணாவூர் குடியிருப்பு வாசல் டீக்கடையில் நானும் என் பழைய நண்பன் மீரானும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பிளாக் தள்ளி, பழைய இரும்பு வாங்குகிற லோடு ஆட்டோ ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் தலையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் எப்போதோ கிழிந்துபோயிருக்க வேண்டும். "பழைய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், உடைஞ்ச சைக்கிள்" என்று பதிவு செய்த பெண்குரல் ஓரமெல்லாம் பிசிறடித்து, கரகரவென்று சிதறி வந்தது. டீயைக் கையில் கொட்டிக்கொண்டு திரும்பினேன். எத்தனை வருஷமாகத் தேடுகிற சத்தம்! மீரான் திரும்பவே இல்லை. எதிரே வாலைத் துரத்திக்கொண்டிருந்த நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

காது மந்தமாகிவிட்டது என்று முன்பே ஃபோனில் சொல்லியிருந்தான். ஃபோனில் சொன்னால் எதுவும் பெரிதாகத் தெரிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரிந்தது. அந்த நிமிஷத்தில்தான், இந்தக் காது முழுசாகப் போவதற்குள் நாளைக்கே ஒரு ஃபஸ் பெடல் வாங்கியாக வேண்டும், இவனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றியது.

ஃபஸ் பெடல் என்றால் என்ன என்பீர்கள். மின்சார கிதாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே தரையில் கிடக்கிற சின்ன இரும்புப் பெட்டி. காலால் மிதித்தால் கிதாரின் சுத்தமான சத்தம் கிழிந்து, ரோமம் முளைத்து, நீளமாக இழுத்துக்கொண்டு போகும். "நல்லாக்கிறத கெடுக்கறதுக்கு ஒரு மிஷினாடா?" என்று அம்மா கேட்டது கிட்டத்தட்ட சரி. இதைப் பற்றி நான் பார்த்த வீடியோக்களுக்கு அளவில்லை. ஏதோ குளிர் தேசத்தில் தாடி வைத்த ஒருவர் ஒரே மெட்டைப் பெடல் பெடலாக மாற்றி வாசித்துக் காட்டுவார். நான் திருவொற்றியூரில் ஃபேனுக்கடியில் ஹெட்ஃபோனோடு படுத்துக்கொண்டு, அவருக்கே தெரியாமல் அவருக்குத் தீர்ப்பு வழங்குவேன். ஒன்றையும் வாங்கியதில்லை. வாங்கிவிட்டால் தேடுவது நின்றுவிடுமே.

எந்த ஃபஸ் சத்தத்தைக் கேட்டாலும் எனக்கு ரோஜா மாலையும் ஊதுபத்தியும் ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் கலந்த வாசனை வரும். சிரிக்காதீர்கள். நான் முதன்முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டது ஒரு சாவு வீட்டில்.

கல்லூரிக் காலம். தாஸ் பாடுவான், மீரான் டோலக், நான் கிதார். மாதா கோயில் பாடகர் குழுவில் கற்றுக்கொண்ட கிதாரை வைத்துக்கொண்டு கானாவுக்குள் நுழைந்த ஆள் நான். எங்கள் பக்கம் ஒருவர் செத்துப்போனால் உடல் கிளம்பும்வரை பந்தலில் கானா பாடுவார்கள். அதில் கிதாருக்கு இடம் கிடையாது. நாங்களாக உண்டாக்கிக்கொண்டோம். முதல் தடவை என்னைப் பார்த்த ஒரு பெரியவர், "சாவு வூட்டுக்கு கிதாரு இன்னாத்துக்குடா? ரிசப்ஷனா வெச்சிக்கீறாங்கோ?" என்றார். பந்தலே சிரித்தது. அழுதுகொண்டிருந்தவர்களும்.

நான் சொல்லவந்த வீடு ராயபுரத்தில். இறந்தவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வெளிநாட்டிலிருந்து மகன் வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். மத்தியான வெயில். என்னிடம் அப்போது ஆம்ப்ளிஃபையர் கிடையாது, கிதார் மட்டும்தான். மைக் செட்டுக்காரர் என் வயரை வாங்கி, மைக் மாட்டுகிற ஓட்டையிலேயே செருகிவிட்டார். கிதாரை அப்படிச் செருகக்கூடாது. எங்களில் யாருக்கும் அது தெரியாது. தெருமுனைக் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் வேறு கிழிந்திருந்தது. முதல் கம்பியைத் தொட்டதும் ஏதோ மிருகம் மாதிரி ஒன்று தெருமுழுக்கக் கத்தியது. நான் பயந்து கையால் கம்பிகளை அமுக்கினேன்.

"அமுக்காத மாமு," என்றான் மீரான், டோலக்கை நிறுத்தாமல். "வுடு. அது எங்க போவுதுன்னு பாப்போம்."

விட்டேன். அது எங்கேயோ போனது. ஒரு சுரம் அறுந்து அறுந்து, அறுந்த இடத்திலிருந்தே இன்னொன்று முளைத்து, தாஸின் குரலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே போனது. பாதியில் மைக் செட்டுக்காரர் சங்கடப்பட்டு, சரி செய்யட்டுமா என்று கேட்டபடி எழுந்து வந்தார். இறந்தவரின் மகள் கையைக் காட்டினாள். "அத்த ஒண்ணியும் பண்ணாதீங்கோ. எங்களுக்கு அழுது அழுது தொண்ட கட்டிக்கிச்சு. அதுனாச்சும் அழுவட்டும்."

அந்தச் சத்தத்தைத்தான் அப்புறம் எல்லா வீடியோவிலும் தேடினேன்.

மீரானின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதையும் முதல் தடவையில் நன்றாயிருக்கிறது என்று சொல்லமாட்டான். டோலக்கில் இரண்டு கையும் பறந்துகொண்டிருக்கும்போதே தலையைச் சாய்த்து, "மூணாவது கம்பி எறங்கிக்கினு வர்து" என்பான். சரிபார்த்தால் மயிரிழை இறங்கியிருக்கும். தண்டையார்பேட்டையில் அவன் பழைய வீட்டு மாடியில் பேசிக்கொண்டிருப்போம். திடீரென்று எழுந்து சட்டையை மாட்டுவான். அவன் அத்தாவின், அதாவது அப்பாவின், ஸ்கூட்டர் மூன்று தெரு தள்ளி கியர் மாற்றியது அவனுக்குக் கேட்டிருக்கும். நாங்கள் சிகரெட்டை அணைப்பதற்கு அது போதும். என்ன வாங்கினாலும், ஒரு கம்பி செட் ஆனாலும் சரி, அவன் கேட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு அது வாங்கியதாகக் கணக்கு. எனக்குப் படித்த காது. அவனுடையது பிறந்த காது.

அப்புறம் வழக்கம்போலத்தான். நான் பொறியியல் முடித்து நகரத்தின் மறுகோடியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். தாஸ் மீஞ்சூர்ப் பக்கம் லாரி ஓட்டப் போனான். மீரான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வெட்டும் கடையில் சேர்ந்தான். நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா? இரும்பின் மேல் இரும்பு விழுகிற சத்தம் நாள் முழுக்க. கிரைண்டர், வெட்டும் மெஷின், தகட்டை அவிழ்த்து உதறும்போது வருகிற இடி. ஒரு தடவை அவனைப் பார்க்கப் போய், திரும்பும் வழியெல்லாம் காதுக்குள் ஊசியாக ஒன்று கூவிக்கொண்டே வந்தது. அவன் அங்கே வருஷக்கணக்காக இருக்கிறான்.

"காதுல வைக்கறதுக்கு ஒண்ணும் தரலியாடா?" என்று சனிக்கிழமை டீக்கடையில் கேட்டேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

"குட்த்தாங்க மாமு. பஞ்சு மாரி ஒண்ணு. அத்த வெச்சிக்கினா முதுகாண்ட கிரேன் வர்து தெரியாது. நா சேந்த புதுசுல ஒர்த்தன் கால் போச்சு, அவன் வெச்சிக்கினு இருந்தான். நா எட்த்துட்டேன். எனக்குத்தான் நல்ல காதாச்சே, அதுதான காப்பாத்தும்னு."

அங்கே பாதிப் பேர் அப்படித்தானாம். உயிரைக் காத்துக்கொள்ளக் காதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். திறந்து வைத்ததால் போயிற்று. ஆஸ்பத்திரியில் பரிசோதித்துவிட்டு, மேல்ஸ்தாயி சத்தமெல்லாம் போய்விட்டது, போனது வராது, அந்த வேலையிலேயே இருந்தால் மிச்சமும் கரையும் என்றிருக்கிறார்கள். வேறு வேலை எங்கே என்கிறான் இவன்.

"குக்கர் விசில் கேக்கல," என்றான். "பொண்டாட்டி திட்றது மட்டும் முழுசாக் கேக்குது. போவவேண்டியது போவல பாரு." நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள், "பாப்பா ‘அத்தா’ன்னு கூப்புட்றது கேக்குது மாமு. அதுக்கு மேல இன்னா சொல்றான்னு புரியல. எல்லாத்துக்கும் சரி சரின்றேன். நேத்து எதுக்கோ சரின்னுட்டேன், அழுவுறா," என்றான்.

மறுநாள் அண்ணா சாலைப் பக்கம் ஒரு இசைக்கருவிக் கடைக்குப் போனோம். கண்ணாடி அறை, ஏசி, புதுப் பிளாஸ்டிக் வாசனை. குடுமி போட்ட விற்பனைக்காரர் முதலில் ஒரு வட்டப் பெட்டியை எடுத்து வைத்தார். "ஜெர்மேனியம் சார். பழைய காலத்து டிரான்சிஸ்டர். ஒரே பிரச்சினை, வெயில் தாங்காது. சூடானா சத்தம் மாறிடும்." அதை மீரானுக்குத் திருப்பிச் சொன்னேன். "வெயில் தாங்காதா? அப்போ எர்ணாவூர்ல வந்து இது இன்னா பண்ணப்போவுது?" என்றான். விற்பனைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

மிதித்தேன். ஒரு சுரம். கைமயிர் எழுந்து நின்றது. அதேதான். ராயபுரத்து வெயில், பந்தல், கிழிந்த குழாய் எல்லாம் அந்த வட்டப் பெட்டிக்குள் இருந்தது. வழக்கப்படி மீரானைத் திரும்பிப் பார்த்தேன்.

"நல்லாக்கீது மாமு," என்றான் உடனே.

உடனே. அதுதான் என்னைக் கொன்றது. அடுத்தது சிலிக்கான் டிரான்சிஸ்டர் என்றார் விற்பனைக்காரர். தகர டப்பாவுக்குள் குளவியை அடைத்த மாதிரி முற்றிலும் வேறு சத்தம். வாசித்தேன். மீரான் முகத்தில் மரியாதையான ஒரு புன்னகை. கொஞ்ச நேரம் கழித்து, தணிந்த குரலில், "மாத்திட்டியா மாமு, இல்ல அதேவா?" என்று கேட்டான். விற்பனைக்காரர் தன் ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நல்ல மனுஷர்.

மூன்றாவது பெடல் டிபன் பாக்ஸ் அளவு. டோன் என்று ஒரு குமிழ். இடது பக்கம் திருப்பினால் சத்தம் இருண்டு தடிக்கும், வலது பக்கம் திருப்பினால் கூர்மையாகும். இடக்கோடியில் வைத்து வாசித்தேன். எனக்குச் சகிக்கவில்லை. சேற்றில் நின்றபடி உறுமுகிற லாரி. ஆனால் நாற்காலி கிடைக்காமல் ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்த மீரான் நிமிர்ந்தான். அவன் விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன.

"இரு இரு. இது வர்து. அடிலேர்ந்து வர்து." தலையைச் சாய்த்தான், எத்தனையோ நாளைக்குப் பிறகு. "ஆனா உன் அஞ்சாவது கம்பி எறங்கிக்கீதே, கேக்கல உனுக்கு? கலீஜா வாசிக்காத."

பார்த்தேன். இறங்கியிருந்தது. முறுக்காணியைத் திருப்பும்போது எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

"நீ தேடிக்கினு இருந்த சத்தம் இதானா?" என்றான்.

"இதான்டா."

"புளுகாத. வாயப் பாத்துப் பாத்து மூஞ்சியும் படிக்கக் கத்துக்கினேன் மாமு."

"இது இல்ல," என்றேன். "ஆனா இதத்தான் வாங்கப்போறேன்." மீரான் எழுந்து, வட்டப் பெட்டியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, விற்பனைக்காரரிடம் அவனே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான்.

ராயபுரத்தில் இப்போது குழாய் கட்டுகிறவர்கள் யாரும் இல்லை, எல்லாம் கறுப்புப் பெட்டி ஸ்பீக்கர்கள். அந்த மைக் செட்டுக்காரர் என்ன ஆனார் என்று தெரியாது. தண்டையார்பேட்டை மாடியும் இடிபட்டுவிட்டது, மீரான் குடும்பம் எர்ணாவூருக்கு வந்தது அதனால்தான். இதையெல்லாம் போகட்டும் என்று விட்டுவிட முடிகிறது. மூன்று தெரு தள்ளி ஒரு ஸ்கூட்டர் கியர் மாற்றுவதைக் கேட்ட அந்தக் காது போனதைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கடையில் ஒன்றை மட்டும் நான் செய்து பார்க்கவில்லை. பயந்துவிட்டேன். அந்த டோன் குமிழை வலது பக்கம் திருப்பிக்கொண்டே போனால், ஏதோ ஓர் இடத்துக்கு மேல் மீரானுக்கு எதுவும் மாறாது. எனக்கு மட்டும்தான் மாறும். அந்த இடம் எது என்று தெரிந்தால்தான் நாங்கள் சேர்ந்து வாசிக்க முடியும். தாஸிடம் சொல்லியிருக்கிறேன், லாரியை நிறுத்திவிட்டு வருகிறானாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, எர்ணாவூர் மொட்டை மாடியில், மீரானை ஆம்ப்ளிஃபையர் மேல் உட்காரவைத்து, அடிக்கம்பியை மீட்டிவிட்டு, குமிழை இடக்கோடியிலிருந்து மெல்லத் திருப்பப்போகிறேன். மாற்றம் கேட்பது நின்றதும் கையைத் தூக்கு என்று சொல்லியிருக்கிறேன். அவன் கை தூக்கும் இடத்தில் பெட்டியின் மேல் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு, அதற்கு இடது பக்கத்திலேயே பாட்டை ஆரம்பித்துப் பார்ப்போம்.