மழைமானிக்கு நிழல் தந்த மரங்கள்

மேடம் என்றதும், ஒரு சின்ன மரக்கன்றை அவர் முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்ற காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. முழங்கால் உயரம்கூட இல்லாத தூங்குமூஞ்சிக் கன்று. சுற்றிலும் மூங்கில் கூண்டு, கூண்டின்மேல் நட்டவரின் பதவியைப் பெரிய எழுத்தில் எழுதிய தகரப் பலகை. முந்தின நாள்தான் விழா நடந்திருந்தது. மைக்செட், பொன்னாடை, பொட்டலம் பொட்டலமாக மிக்சர், எதற்கும் குறைவில்லை. மேடம் அன்று விழுப்புரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மறுநாள் வந்து பார்த்தால் எங்கள் வானிலைத் திடலைச் சுற்றி வரிசையாகக் கன்றுகள். “யாரக் கேட்டுக்கினு இங்க நட்டாங்க?” என்றார் என்னிடம். அவ்வளவு பெரிய பண்ணையில் புல் வெட்டி, வேலி போட்டு, பார்க்க லட்சணமாக இருந்த இடம் அது ஒன்றுதான். போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று யாரோ கையைக் காட்டிவிட்டார்கள்.

திண்டிவனத்துக்கும் ஓமந்தூருக்கும் நடுவில் இருக்கிற ஓர் அரசுப் பண்ணை அது. பெயர் வேண்டாம். மேடம் அங்கே வானிலை விஞ்ஞானி, நான் அவருக்குக் கீழே அளவு எடுக்கிறவன். விக்கிரவாண்டியில் பஸ் பிடித்து, தினமும் காலை எட்டரைக்கு மழைமானியின் முன்னால் நின்றாக வேண்டும். தீபாவளி, பொங்கல், சொந்த வீட்டுக் கல்யாணம் எதுவும் கணக்கில் வராது. நான் வேலைக்குச் சேர்வதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அதே இடத்தில், அதே நேரத்தில் யாராவது ஒருவர் நின்று அளந்து எழுதியிருக்கிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் இதெல்லாம் யாருக்கும் பொருட்டில்லை. “இன்னா சார், நேத்து மழன்னு சொன்னீங்க, துண்டுகூட நனையலியே?” என்று கிண்டல் செய்வார்கள். நாளைக்கு மழை வருமா என்பது எங்கள் வேலையில் பாதிதான். இந்த மண்ணில் மழை பெய்கிற விதமே மாறிக்கொண்டு வருகிறதா, இன்னும் முப்பது நாற்பது வருடம் கழித்து எப்படிப் பெய்யும் என்பது மீதிப் பாதி. அதைச் சொல்ல வேண்டுமானால் பழைய கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். இடம் மாறக் கூடாது, சுற்றுப்புறம் மாறக் கூடாது. ஒரு மரம் எவ்வளவு உயரமோ, குறைந்தது அதைப்போல் இரண்டு பங்கு தூரமாவது மழைமானி தள்ளி இருக்க வேண்டும். இது எங்கள் வேலையின் அரிச்சுவடி.

மேடம் அன்றைக்கே பண்ணை அதிகாரியிடம் போய்ச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். அதிகாரி நல்ல மனிதர்தான், அதுதான் தொல்லை. சிரித்த முகத்தோடு, “மேடம், நாங்க மரம் நடுறதே கிளைமேட்டுக்காகத்தானே? நீங்களே வேணாம்னா எப்பிடி?” என்றார். மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “சார், கிளைமேட்ட காப்பாத்துங்க, நான் வேணாங்கல. அத அளக்கறதுக்கு கொஞ்சம் எடம் வுடுங்கன்றேன்.” பெரியவர் கையால் நட்ட கன்றை யார் பிடுங்குவது? பிடுங்குகிறவர் பெயர் மறுநாளே விழுப்புரம் வரை போய்விடும். கன்றை வேறு இடத்துக்கு மாற்றுவதும் பிடுங்குவதும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் வந்து நின்றுகொண்டு மேடம், “ஊர்ல இருக்கற ஆடெல்லாம் எங்கப்பா போச்சி?” என்றார். ஆடுகளும் வந்தன. வேலியோரத்துக் கத்தரிச் செடியை மொட்டையடித்துவிட்டு, மூங்கில் கூண்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தன.

கன்றுகள் மரங்களாயின. எங்கள் ஊரில் நல்ல மழை கிழக்கிலிருந்து சாய்ந்துகொண்டு வரும். அதை மரங்கள் வாங்கிக்கொண்டன. காற்று அளக்கும் கிண்ணங்கள் வருடத்துக்கு வருடம் மெதுவாகச் சுற்றின. சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர், திண்டிவனம் பக்கம் காற்று குறைந்துவருகிறது, ஆச்சரியமாக இருக்கிறது என்றார். மேடம் ஜன்னலைத் திறந்து மரங்களைக் காட்டினார். கிளையையாவது கழிக்கலாம் என்று மேடம் எழுதிக் கேட்டால், பசுமைக் குழு கூடித் தீர்மானிக்கும் என்று பதில் வரும். குழு கூடாது. தானாகவே அளந்து அனுப்பும் கருவி ஒன்றும் வந்து சேர்ந்தது. அதன் சூரியத் தகடு மர நிழலில் இருந்ததால் பேட்டரி சரியாக ஏறவில்லை. வெயில் நாளில் நன்றாக வேலை செய்யும். நாலு நாள் மூட்டம் போட்டால் செத்துவிடும். மழை பெய்யாதபோது மட்டும் அளக்கிற மழைமானியை எங்கள் பண்ணையில்தான் பார்க்க முடியும்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் சால்வை போட்டார்கள். அதைத் தோளில் போட்டபடியே திடலுக்கு வந்தார். “சின்ன மழ கொஞ்சம் முன்னப்பின்ன போனா போவட்டும்பா. ஒரு பேய் மழ வரும். கடல் சூடாயிக்கினே போவுது, வராம இருக்காது. அத மட்டும் வுட்டுடாத. ஏரி நெரம்பி தண்ணி வழியற கலங்கல் எவ்ளோ அகலம், பாலம் எவ்ளோ ஒசரம், எல்லாம் அந்த ஒரு மழய வெச்சித்தான் கட்டுவாங்க” என்றார்.

சொன்னதுபோலவே வந்தது. புயல் கரையைக் கடந்த பின்னும் நகராமல் எங்கள் தலைக்குமேலேயே உட்கார்ந்துகொண்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து பண்ணைக்குப் போனபோது மழை விட்டிருந்தது. மரங்களில் மிகப் பெரியது வேரோடு சாய்ந்து மழைமானியின்மேல் கிடந்தது. உள்ளே இருந்த பாத்திரம் நசுங்கித் தண்ணீர் மண்ணோடு போயிருந்தது. தானியங்கி முந்தின நாளே அணைந்துவிட்டது. போனில் சொன்னேன். மேடம் முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, “இரு, வர்றேன். ரோடு எங்க கீது, எங்க இல்ல, அத மட்டும் சொல்லு” என்றார்.

மறுநாள் வந்துவிட்டார். மழைமானி இல்லாத இடத்தில் விஞ்ஞானிகள் செய்கிற ஒரு வழி உண்டு. திறந்தவெளியில் கிடந்த டிரம், அண்டா, பக்கம் நேராக உள்ள எந்தப் பாத்திரமானாலும் சரி, உள்ளே நிற்கும் தண்ணீரை அளந்தால் பெய்த மழையை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். நிரம்பி வழிந்திருந்தால்கூட, இதற்குக் குறையாமல் பெய்தது என்றாவது எழுதலாம். டேப்பை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிராமத்தில் தெருத்தெருவாகப் போனோம். எல்லா வீட்டு வாசலிலும் பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. முதலில் எங்களுக்குப் புரியவில்லை. ஒரு வீட்டில் நீல டிரம் ஒன்று, மேடம் கனவில் கண்டதுபோல நேரான பக்கத்தோடு, குப்புறக் கிடந்தது. அந்த வீட்டம்மா சொன்னார்: “காலைலதாம்மா சுகாதாரத்துலேர்ந்து வந்தாங்க. தண்ணி நின்னா கொசு வெச்சிக்கும், டெங்கு வரும், ஜல்தியா கவுத்துடுங்கன்னாங்க. நெரம்பி வழிஞ்சிக்கினு இருந்துச்சிம்மா. ஏன், கவுக்கக் கூடாதா?”

“கவுத்தது நல்லதுதாம்மா” என்றார் மேடம். டேப்பைச் சுருட்டிக்கொண்டே தெருமுனை வரைக்கும் நடந்தார். அங்கே நின்று, “எல்லாரும் சரியாத்தாம்பா செஞ்சிக்கினு இருக்காங்க. மரம் நட்டவங்களும் சரி, தண்ணி கவுத்தவங்களும் சரி. அதான் எனக்கு ஆத்திர ஆத்திரமா வருது” என்றார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் போகவில்லை.

போன வாரம் ஓர் இளம் பொறியாளர் போன் செய்தார். மழையில் உடைந்த ஏரிக் கலங்கலைப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். எங்கள் நிலையத்து மழைக் கணக்கு முழுவதும் அவரிடம் இருக்கிறது. “சார், ஒரு நாள் மட்டும் காலியா இருக்குது. காலியா வுட்டா சாஃப்ட்வேர் எடுக்கமாட்டேங்குது. ஜீரோன்னு போட்டுக்கட்டுமா?” என்றார். போடாதீர்கள், அந்தக் கலங்கலை உடைத்ததே அன்றைக்குப் பெய்த மழைதான் என்று கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சரிங்க சார், அப்ப எவ்ளோன்னு போடறது, சொல்லுங்க” என்றார்.