வாந்திக்காரி படகு தேடிய கதை

தண்ணீருக்கு அடியில் நான் ராணி. தண்ணீருக்கு மேலேதான் பிரச்சினை.

பாண்டிச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்ட நான்கு நாளும் இதே கூத்துதான். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் மீன் கூட்டத்துக்கு நடுவே சொகுசாக மிதப்பேன். மேலே வந்து படகில் ஏறிய ஐந்தாவது நிமிடம் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குள் அனுப்புவேன். கூடவே கற்றுக்கொண்ட என் தோழி முதுகைத் தட்டிக்கொண்டே, "உன்ற புண்ணியத்துல மீனுக்கெல்லாம் டிபன் ஆச்சுடீ" என்பாள். கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறை. அந்தக் கொழுப்பு.

அவள்தான் போன மாதம் மாலத்தீவு டைவிங் பயணத்தின் லிங்க் அனுப்பினாள். ஏழு நாள் படகிலேயே வாசம். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயே, தினமும் மூன்று டைவ். கொஞ்ச நாளில் அவள் மேல்படிப்புக்கு ஜெர்மனி கிளம்புகிறாள். இப்போது விட்டால் இருவரும் சேர்ந்து கடலுக்குப் போவது எப்போது என்று யாருக்குத் தெரியும்? படகில் இரண்டு அறைகள்தான் மிச்சம். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

ஆசை மண்டைக்கு ஏறிவிட்டது. வயிறுதான் ஒத்துவரவேண்டும். அரை நாள் படகுக்கே அந்த லட்சணம் என்றால், ஏழு நாள் நடுக்கடலில்? இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வரவும் முடியாது.

எனக்கு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஓட்டிப் பார்க்காமல் எதற்கும் ஓகே சொல்லமாட்டேன். கோயமுத்தூரில் கடல் இல்லை. ஆனால் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பஸ் இருக்கிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவு. வாந்தி எடுக்காமல் போய் வந்தால் மாலத்தீவு, எடுத்தால் வீட்டோடு கிட. இதுதான் டெஸ்ட்.

"பஸ்ஸும் கடலும் ஒண்ணாடீ?" என்றாள் தோழி.

"வேற என்ன பண்றது? உக்கடம் குளத்துல படகு உடட்டுமா?"

ஞாயிறு காலை கிணத்துக்கடவில் அவள் வீட்டுக்குப் போய் அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவதாகத் திட்டம். அங்கேதான் சொதப்பினேன். வெறும் வயிற்றோடு வந்தவளை அவள் அம்மா வாசலிலேயே பிடித்துவிட்டார். தட்டில் அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய் ஒரு குளம்.

"போதுங்கம்மா."

"என்ன கண்ணு போதும்? மலைக்குப் போறவ தெம்பா போகோணுமல்ல? இன்னொரு கை வெச்சுக்கோ."

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்வது சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி. மூன்று முறை போதும் என்றேன், மூன்று முறையும் தட்டு நிரம்பியது. கடைசியில் தயிர் வேறு. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் வால்பாறை பஸ் ஏறும்போது நான் நடக்கவில்லை, உருண்டேன். கூட்டம். கடைசி சீட்தான் கிடைத்தது.

ஒன்பதாவது வளைவு. அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே தலை, கண்ணில் தண்ணீர். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் வந்து, "ஏனுங்க அம்மணி, கடைசி சீட்டு தூக்கித் தூக்கிப் போடுமுங்க. நடுவால ஒருத்தர் எறங்கறாரு, அங்க வந்து உக்காருங்க" என்றார்.

நடுவில் உட்கார்ந்தேன். முன் கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்தேன். வயிறு காலி. பதினைந்து, இருபது, முப்பது என்று வளைவு எண்ணுவதில் வயிற்றையே மறந்துவிட்டேன். வால்பாறையில் இறங்கியபோது பசித்தது! பசி!

வேண்டுமென்றே இரண்டு பிஸ்கட் மட்டும் தின்றுவிட்டு, திரும்பும்போதும் நடு சீட்டையே பிடித்தேன். நாற்பது வளைவும் இறங்கி முடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"ஃபெயில்டீ நீ. போறப்ப எடுத்தீல்ல?" என்றாள் தோழி.

"மெஷின் ஃபெயில் இல்லடீ. மாட்டுன எடந்தான் தப்பு."

ஆழியாறு தாண்டும்போது போனில் படகின் வரைபடத்தைத் திறந்தேன். மிச்சமிருந்த அறைகளில் ஒன்று மேல்தளத்தில், முன்பக்கம், சுவர் அகலத்துக்கு ஜன்னல். இன்னொன்று கீழ்த்தளத்தில், நட்டநடுவில், தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. படகும் பூங்காவில் பிள்ளைகள் ஏறி ஆடும் சீசாப் பலகை மாதிரிதான், நுனிதான் அதிகம் ஆடும். தோழி கண் வைத்திருந்ததோ மேல் அறை.

கேட்கவே கூச்சமாக இருந்தது. கேட்டுவிட்டேன்.

"கீழ் ரூம் எடுக்கலாமாடீ?"

அவள் என் போனை வாங்கி மேல் அறையின் ஜன்னலைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "எந்திரிச்சதும் படுத்துட்டே கடலப் பாக்கோணும்னு இருந்தேன்டீ."

"தெரியும்."

"பொந்து மாதிரி இருக்குது."

"ஆமா."

"மொதல்ல ஏஜென்ட்ட கேளு. ரூமு நடுவுல இருந்தா மட்டும் ஆச்சா? படகு எந்த வழியாப் போகுதுன்னு கேளு."

லிங்கில் நம்பர் கொடுத்திருந்த சென்னை ஏஜென்டுக்குப் போன் போட்டேன். பாண்டிச்சேரிக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. "நல்ல வேளை இப்பவே சொன்னீங்க மேடம். இந்தப் படகு ஒரு வாரம் தெற்கு ரூட், அடுத்த வாரம் நடு ரூட் போகும், கீழ் ரூம் ரெண்டுலயும் காலி. தெற்கு ரூட் வேணாம், அதுல ராத்திரி பூரா திறந்த கடல். நடு ரூட்ல பெரும்பாலும் தீவுகளுக்கு உள்பக்கமாவே போகும். திறந்த கடலைத் தாண்டுறது ரெண்டே தடவை, தடவைக்கு மூணு மணி நேரம் வரும். மாத்திரை பத்தி டைவிங் தெரிஞ்ச டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, ஊர்லயே ஒரு தடவை போட்டுப் பாருங்க, தூக்கம் வந்தா டைவ் பண்ண முடியாது."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தோழி போனைப் பிடுங்கினாள்.

"ஏனுங்க, கீழ இருக்கற ரூமே போடுங்க. நடு ரூட்டு. ரெண்டு பேரு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்த மூணு மணி நேரம் நான் மேல டெக்ல இருப்பேன். கூப்புட்டீனா கொன்னுபோடுவேன்."

"கூப்புடுவேன்டீ."

"தெரியும்."

திங்கட்கிழமை காலை அறை உறுதியாகிவிட்டது. மாலையே டாக்டரையும் பார்த்து மாத்திரை வாங்கிவிட்டேன். வாந்தி வராது என்று டாக்டரும் எழுதித் தரவில்லை, ஏஜென்டும் சொல்லவில்லை. மொத்தம் ஆறு மணி நேரம் கடல் என்னை வைத்து விளையாடும். விளையாடட்டும். மீதி நேரமெல்லாம் நான் கீழே இருப்பேன், மீன்களோடு.